பி.பார்ம். படித்தவருக்கு எம்.பி.ஏ. எதற்கு? சேலத்து வழிகாட்டு வகுப்பு ஒன்றின் மதிப்பீடு

சேலம் ஐந்து ரோடு அருகே உள்ள ஒரு பயிற்சி நிலையம், பார்மசி பட்டத்துடன் எம்.பி.ஏ.வும் படிக்க எண்ணுபவர்களுக்காக நடத்திய வழிகாட்டு வகுப்பில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் கலந்துகொண்டேன். கட்டணம் 1,500 ரூபாய். மதிய உணவு நம் செலவு. தனியார் மருத்துவமனை ஒன்றின் மருந்தகத்தில் ஏழு ஆண்டுகளாகப் பணிபுரியும் எனக்கு, கவுண்டரை விட்டு நகர்வதற்கு இந்தப் படிப்பு வழிவிடுமா என்பதே கேள்வியாக இருந்தது.

முதல் நாள் காலைப் பொழுது வீண். புராடக்ட் மேனேஜர் (ஒரு மருந்தின் சந்தைப்படுத்தலைக் கவனிப்பவர்), மருத்துவமனைக் கொள்முதல் மேலாளர், மருந்து விநியோக மேலாண்மை, மருத்துவக் காப்பீட்டு நிறுவனப் பணி என்று பதவிப் பெயர்களைத் திரையில் ஓட்டினார்கள். பெரிய மருந்து நிறுவனங்களின் தலைமை அலுவலகங்கள் பெரும்பாலும் மும்பையிலும் ஐதராபாத்திலும் அகமதாபாத்திலும் இருப்பதால், புராடக்ட் மேனேஜர் ஆக விரும்புபவர் ஊரை விட்டுக் கிளம்ப வேண்டியிருக்கும் என்பதை ஒருவரும் சொல்லவில்லை.

கொடுத்த பணத்துக்குப் பலன் பிற்பகலில்தான் கிடைத்தது. மருத்துவமனைக் கொள்முதலில் பல்லாண்டு பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர் 40 மருந்துகள் கொண்ட பட்டியலைக் கொடுத்து, அவற்றைச் செலவின் அளவைக் கொண்டு ஒருமுறையும், உயிர்காக்கும் தேவையைக் கொண்டு மறுமுறையும் பிரிக்கச் சொன்னார். மொத்தச் செலவில் ஏறத்தாழ 70 சதவீதத்தை விழுங்குபவை எண்ணிக்கையில் மிகச் சில மருந்துகளே என்பது முதல் பிரிப்பில் தெரிந்தது. இரண்டாவதில்தான் சண்டை. பாம்புக்கடிக்கான எதிர்நஞ்சு மருந்தை, "மாதக்கணக்கில் நகராத சரக்கு" என்று வணிகவியல் படித்த ஓர் இளைஞர் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். "தம்பி, இது ஏற்காட்டில் இருக்கும் மருத்துவமனையின் பட்டியல் என்று வைத்துக்கொள்ளுங்கள், 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கீழிருந்து மருந்து வரும்வரை கடிபட்டவர் என்ன செய்வார்?" என்று அவர் கேட்டபோது அறையில் பேச்சில்லை. காலாவதியாகும் சரக்கின் நட்டத்தையும் கணக்கிட வேண்டும், எதைக் குறைக்கக் கூடாது என்பதும் தெரிய வேண்டும் என்ற இந்த இரட்டைப் பார்வைக்காகத்தான் மருத்துவமனைகள் பார்மசி படித்த கொள்முதல் மேலாளரைத் தேடுகின்றன என்று எனக்குத் தோன்றியது.

இரண்டாம் நாள் சொந்தத் தொழில் பற்றியது. விலைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்துகளின் உச்சவிலையைக் கணக்கிடுகையில் சில்லறை வணிகருக்கு 16 சதவீதமே லாபமாகச் சேர்க்கப்படுகிறது என்பதை, 2013ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாட்டு ஆணையிலிருந்து தெளிவாக விளக்கினார்கள். ஆனால் கையில் கொடுத்த குறிப்பேட்டில் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதம் என்றே இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 சதவீதம். பில் போட்டுப் பழகிய எங்களிடமே இதைக் கொடுத்தார்கள். மொத்த விற்பனை உரிமத்துக்குப் பதிவுபெற்ற மருந்தாளுநர் கட்டாயம் என்று சொன்னதும் பிழை. மருந்து விற்பனையில் நான்காண்டு அனுபவமுள்ள பத்தாம் வகுப்புத் தேர்ச்சியாளரும், ஓராண்டு அனுபவமுள்ள பட்டதாரியும் அதற்குத் தகுதியானவர்களே. சில்லறைக் கடையில்தான் நம் பதிவுச் சான்றிதழ் இல்லாமல் மருந்து வழங்க முடியாது.

படிக்கும் இடம் பற்றிய பகுதியில் ஒரே தனியார் கல்லூரியின் துண்டறிக்கை மூன்று முறை கைமாறியது; காரணத்தை நான் விளக்க வேண்டியதில்லை. எம்.பி.ஏ. சேர்க்கைக்காக அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத் தேர்வைப் பற்றி இரண்டு நிமிடங்கள் பேசினார்கள். மொகாலியில் உள்ள தேசிய மருந்துக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் மருந்துத் துறைக்கென்றே எம்.பி.ஏ. நடத்துவதை ஒருவர் கேட்ட பிறகே குறிப்பிட்டார்கள். மருந்து ஆய்வாளர் பணியை நாடுபவருக்குப் பார்மசி பட்டமே போதும், எம்.பி.ஏ.வுக்குச் செலவிட வேண்டாம் என்று ஒளிக்காமல் சொன்னதைப் பாராட்ட வேண்டும்.

கல்லூரியை விட்டு இந்த ஆண்டுதான் வெளியே வந்தவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பட்டியல் பயிற்சியில் வாதிடுவதற்கு அவர்களிடம் அனுபவம் இருக்காது. மூன்று நான்கு ஆண்டுகள் மருந்தகத்தில் நின்றவர்கள் முதல் நாள் பிற்பகலுக்கு மட்டும் செல்ல அனுமதி கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம். கேட்டவர்களுக்குப் பாதிக் கட்டணத்தில் இடம் கொடுத்ததாக என் பக்கத்து இருக்கைக்காரர் சொன்னார்.