‘எந்த கேமராவுக்கும் செட் ஆகும்’ என்று சொல்லி விற்கும் ஸ்டுடியோ லைட்: கோவை, திருப்பூர் பக்கம் வாங்குபவர்கள் கவனத்துக்கு

கேனான் 1500டி, 3000டி, 200டி மார்க் 2, இந்த மூன்றில் எதையாவது வைத்திருப்பவர்கள் ஸ்ட்ரோப் லைட்டோ (படம் எடுக்கும் கணத்தில் மட்டும் மின்னும் ஸ்டுடியோ பிளாஷ்) ட்ரிகரோ (ஷட்டரை அழுத்தியதும் லைட்டை அடிக்க வைக்கும் கருவி) வாங்கக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். மற்றவர்களும் படிக்கலாம், ஏனென்றால் லைட்டுக்குள் இருந்த சங்கதி இன்னும் மோசம்.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு கேட்லாக் எடுத்துக் கொடுப்பது என் தொழில். குழந்தைகள் உடுப்பு, லெக்கின்ஸ், டி ஷர்ட் எல்லாம் வெள்ளைப் பின்னணியில் வைத்து எடுக்க வேண்டும். மலிவு எல்இடி பேனலில் எடுத்தால் மெரூன் ஒரு மாதிரி, ரத்தச் சிவப்பு ஒரு மாதிரி என்று பையரிடமிருந்து திரும்பி வந்துகொண்டே இருந்ததால், பழைய ஸ்ட்ரோப் இரண்டு வாங்கிவிடலாம் என்று கோவையில் ஒரு கடைக்குப் போனேன். கடைப் பெயர் எழுதப்போவதில்லை, புகார் இன்னும் முடியவில்லை.

இரண்டு 300 வாட் லைட், ஸ்டாண்ட், சாஃப்ட்பாக்ஸ், ரேடியோ ட்ரிகர் எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய் சொன்னார்கள். என் கேமரா 200டி மார்க் 2, அதற்குச் சரியாக வருமா என்று தெளிவாகக் கேட்டேன். “கேனான் தானுங்களே, எல்லாம் ஒண்ணுதான், எந்த கேமராவா இருந்தாலும் செட் ஆகுமுங்க” என்றார் கடைக்காரர். கடையிலிருந்த ஒரு பழைய கேமராவில் ட்ரிகரை மாட்டி அடித்தும் காட்டினார், இரண்டு லைட்டும் பளிச்சென்று அடித்தன. பில்லில் ‘ஸ்டுடியோ லைட் செட் 1’ என்று மட்டும் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். மாடல் கிடையாது, சீரியல் நம்பர் கிடையாது.

இங்கே வந்து என் கேமராவில் மாட்டினால் ஒன்றுமே நடக்கவில்லை. ட்ரிகரில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் லைட் அடிக்கிறது, ஷட்டரை அழுத்தினால் இல்லை. போன் செய்தால் பேட்டரியை மாற்றச் சொன்னார். மாற்றினேன். ஹாட் ஷூவில் (கேமராவின் தலையில் பிளாஷ் மாட்டும் இடம்) அழுக்கு இருக்கும், துடையுங்கள் என்றார். துடைத்தேன். அப்புறம் ட்ரிகர்தான் ஃபால்ட் என்று சொல்லி, பழசைத் திரும்ப வாங்கிக்கொள்ளாமலே இன்னொன்றை விற்றார், அதுவும் அப்படியே. ரேடியோ வேண்டாம், ஒயரிலேயே போகலாம் என்று ஹாட் ஷூவில் மாட்டும் ஒரு அடாப்டரும், அதிலிருந்து லைட்டுக்குப் போகும் சிங்க் கேபிளும் கொடுத்தார், அதற்கும் தனிக் காசு. அதுவும் வேலை செய்யவில்லை என்றதும் கேமராவின் பாப் அப் பிளாஷை எழுப்பி, லைட்டை ஸ்லேவில், அதாவது வேறொரு பிளாஷ் மின்னுவதைப் பார்த்துத் தானே அடிக்கும் நிலையில், போடச் சொன்னார். லைட் அடிக்கத்தான் செய்தது, படம் மட்டும் இருட்டாக வந்தது. பாப் அப் பிளாஷ் வெளிச்சத்தை அளந்து பார்க்க முதலில் ஒரு சின்ன மின்னல் விடும். ஸ்லேவ் அந்த முதல் மின்னலுக்கே ஏமாந்து அடித்துவிடும், ஷட்டர் திறக்கும்போது லைட்டில் சார்ஜ் இருக்காது. முன் மின்னலை விட்டுவிட்டு அடுத்ததற்கு அடிக்கும் ஸ்லேவ் வேண்டும், இந்தப் பழைய லைட்டில் அது கிடையாது. லைட் விற்பவருக்கு இது தெரியாமலா இருக்கும்? கடைசியில், “உங்க கேமராதானுங்க கோளாறு, சர்வீஸ் விடுங்க” என்று முடித்துக்கொண்டார்.

சர்வீஸ் செய்யும் அண்ணன் ஒருவரிடம் எடுத்துப் போனேன். பார்த்தவுடன் சிரித்தார். “தம்பி, இதுல நடுப் புள்ளி எங்க இருக்கு, காட்டு பார்க்கலாம்” என்றார். அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். சாதாரணமாக ஹாட் ஷூவின் நடுவில் பெரிதாக, வட்டமாக ஒரு உலோகப் புள்ளி இருக்கும். லைட்டுக்கு ‘இப்போ அடி’ என்று சொல்வது அந்தப் புள்ளிதான். கேனான் இந்த மூன்று மாடல்களிலும் அதை எடுத்துவிட்டது. சிறிய தொடர்புப் புள்ளிகள் மட்டும் இருக்கின்றன, கேனானின் டிடிஎல் பிளாஷ்கள் (லென்ஸ் வழியே வரும் வெளிச்சத்தை கேமரா அளந்து சொல்லும் அளவுக்கு அடிப்பவை) அவை வழியாகப் பேசிக்கொள்ளும். நடுப் புள்ளியை மட்டும் நம்பி வேலை செய்யும் மலிவு ட்ரிகர், அடாப்டர், சிங்க் கேபிள் எதைக் கொண்டுவந்து மாட்டினாலும் வேலைக்கு ஆகாது. அதாவது எனக்கு அடுத்தடுத்து விற்ற எல்லாமே அந்த ஒரே இல்லாத புள்ளிக்குத்தான்.

கேனானின் டிடிஎல் புரியும் ட்ரிகர்களில் சில இந்த மாடல்களோடு வேலை செய்கின்றன. தயாரிப்பாளரின் பட்டியலில் உங்கள் மாடல் பெயர் அப்படியே இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ‘ஆல் டிஎஸ்எல்ஆர்’ என்று டப்பாவில் அச்சடித்திருப்பதை நம்ப வேண்டாம்.

சரி, நண்பனிடம் ஒரு நிக்கான் இருக்கிறது, அதில் கேபிளைச் செருகி வேலையை முடிக்கலாம் என்றேன். அண்ணன் தடுத்து, முதலில் லைட்டை எடுத்துக்கொண்டு வா, சிங்க் வோல்டேஜ் பார்க்காமல் எந்தக் கேமராவிலும் ஒயரைச் செருகாதே என்றார். சிங்க் கேபிளின் வேலை காலிங் பெல் சுவிட்ச் மாதிரிதான், கேமரா இரண்டு முனைகளையும் ஒரு கணம் சேர்த்துவிடும், அவ்வளவே. ஆனால் அந்த முனைகளுக்கு நடுவில் லைட் எவ்வளவு வோல்ட் வைத்திருக்கிறது என்பதில்தான் விவகாரம். பழைய லைட்களில் 200 வோல்ட்டுக்கு மேல் கூட இருக்கும். பிலிம் கேமராவில் உலோகத் தகடுகள்தான் தொட்டுக்கொண்டன, தாங்கியது. டிஜிட்டலில் அந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் சின்ன எலக்ட்ரானிக் சுவிட்ச். ஐஎஸ்ஓ 10330 என்ற தரவிதி 24 வோல்ட்டைத்தான் வரம்பாக வைத்திருக்கிறது. நிக்கான் தன் கையேடுகளில் 250 வோல்ட்டுக்கு மேலோ, எதிர்மறை வோல்டேஜோ ஹாட் ஷூவுக்குக் கொடுக்காதே என்று எச்சரிக்கிறது. உங்கள் கேமராவுக்கு எவ்வளவு என்று அதன் கையேட்டில் பாருங்கள். கையேட்டில் இல்லாவிட்டால் 24-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது.

அவர் அளந்த விதத்தை அப்படியே எழுதுகிறேன். லைட்டை ஆன் செய்து முழுதாக சார்ஜ் ஆகும்வரை விட்டார். டிஜிட்டல் மல்டிமீட்டரை டிசி-யில் பெரிய ரேஞ்சில் வைத்தார். கேபிளின் ஒரு முனையை லைட்டில் செருகி, கேமரா பக்கம் வரும் முனையில் நடுவிலிருக்கும் குச்சியில் சிவப்பு, வெளி வளையத்தில் கறுப்பு. முதல் லைட் 6 வோல்ட் காட்டியது. இரண்டாவது 187. இரண்டிலும் ஒரே ஸ்டிக்கர், ஒரே பெயர்! ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினால் அடியில் வேறொரு கம்பெனிப் பெயரின் பாதி தெரிகிறது. நிக்கானின் 250-க்குள் இருக்கிறதே, மாட்டலாமா என்று கேட்டதற்கு, “கெபாசிட்டரெல்லாம் கிழடு, நாளைக்கு எவ்வளவு காட்டும்னு யாரு கண்டா” என்றார். நடுப் புள்ளி இல்லாத என் கேமராவுக்கு அந்த 187 போய்ச் சேரவே வழியில்லை, அந்த மட்டில் பிழைத்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த இரண்டாவது லைட்டின் உலோக உடம்பைத் தொட்டால் லேசாக விறுவிறுவென்று இழுக்கும். ஏசி ஓடுகிற அறையில் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறவர்கள் உண்டு, நினைக்காதீர்கள். பிளக்கைத் திறந்தால் பச்சை ஒயர் உள்ளேயே நறுக்கி, டேப் சுற்றி மடித்து வைக்கப்பட்டிருந்தது. மூன்று பின் பிளக்தான், பெரிய பின்னில் ஒன்றுமே இல்லை. 230 வோல்ட்டில் ஓடும், உள்ளே கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைக்கும் சாமானில் எர்த்தை நறுக்கி விற்கிறார்கள். என் செட்டில் பல நாள் கைக்குழந்தைகள்தான் மாடல், பக்கத்திலேயே அம்மாக்கள் நிற்பார்கள். வாங்கும்போது பிளக்கைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், ஒரு ஸ்குரூ டிரைவர் வேலைதான். ஆனால் லைட்டின் உடம்பை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் சார்ஜ் நிற்கும், ஆளையே சாய்த்துவிடும்.

6 வோல்ட் லைட்டை நண்பனின் நிக்கானில் அதே முதல் ட்ரிகரை மாட்டி அடித்துப் பார்த்தோம், சுத்தமாக வேலை செய்தது. ஷட்டர் வேகம் 1/250 வினாடியில் படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழுந்தது, 1/125-க்கு இறக்கியதும் போய்விட்டது. ஆக ட்ரிகரும் ஃபால்ட் இல்லை, என் கேமராவும் ஃபால்ட் இல்லை. ரேடியோ ட்ரிகரில் இன்னொரு லாபம், லைட்டின் வோல்டேஜ் ரிசீவரோடு நின்றுவிடும், கேமராவைத் தொடாது. ரிசீவருக்கும் ஒரு வரம்பு உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

கடைக்குப் போய் மீட்டர் போட்டோவையும் பிளக் போட்டோவையும் காட்டினால், “பழைய பொருளுங்க, ரிட்டர்ன் கிடையாதுன்னு போர்டு வச்சிருக்கோம்” என்றார். போர்டு வைத்துவிட்டால் ஒயரை நறுக்கி விற்கலாமா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன். அதன் பிறகுதான் கடையிலிருந்து அவர்களாகவே போன் வந்தது. இரண்டாவது லைட்டை மட்டும் எடுத்துக்கொண்டு 5,000 கொடுத்தார்கள். இரண்டு ட்ரிகர், அடாப்டர், கேபிள் காசைப் பற்றிப் பேச்சே இல்லை, பில்லில் அவை தனியாக எழுதப்படவில்லையாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணமும் இல்லை. கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ‘எல்லா கேனானுக்கும் ஆகும்’ என்ற வாய்ஸ் மெசேஜ் என்னிடம் இருக்கிறது, அதை வைத்துத் திருப்பூரில் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் வாங்குவதாக இருந்தால் உங்கள் கேமராவைக் கையோடு கொண்டுபோய் அதிலேயே அடித்துப் பாருங்கள். பில்லில் லைட்டின் சீரியல் நம்பரும் உங்கள் கேமரா மாடலும் எழுதி வாங்குங்கள், எழுத மாட்டேன் என்றால் காசைக் கொடுக்காமல் பஸ் ஏறிவிடுங்கள்.