பீட்டிலில் ஆயில் சூட்டை எங்கே அளப்பது: டிப்ஸ்டிக்கிலா, சம்பிலா?

பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் டேஷ்போர்டில் என்ஜின் சூட்டைச் சொல்ல எதுவுமே கிடையாது. ரேடியேட்டர் இல்லாததால் தண்ணீர் மீட்டரும் இல்லை. நம்மிடம் இருப்பவை இரண்டு விளக்குகள். ஜெனரேட்டர் விளக்கு எரிந்தால் ஃபேன் பெல்ட் அறுந்திருக்கலாம். குளிர்விக்கும் ஃபேனையும் அதே பெல்ட்தான் சுற்றுகிறது என்பதால் உடனே ஓரங்கட்டி நிறுத்த வேண்டும். ஆயில் விளக்கோ அழுத்தத்தை மட்டுமே பார்க்கிறது. ஆயில் சூடேறி இளகி, அழுத்தம் விழுந்த பிறகுதான் அது எரியும். அந்த நேரத்தில் பேரிங்குகள் அடி வாங்கத் தொடங்கியிருக்கும். போர்ஷே 911-இல் ஆயில் வெப்ப மீட்டரைத் தொழிற்சாலையிலேயே வைத்தார்கள். பீட்டில்காரர்கள் நாமாகத்தான் பொருத்திக்கொள்ள வேண்டும்.

பொருத்துவது அவசியம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்த என்ஜினில் சூட்டை வெளியேற்றும் வேலையில் கணிசமான பங்கு ஆயிலுடையது. அந்த ஆயிலும் மொத்தமே 2.5 லிட்டர்தான். எந்த கம்பெனி மீட்டர் வாங்குவது என்பதில்தான் பலரும் நேரம் செலவழிக்கிறார்கள். ஆனால் சென்சாரை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அந்த மீட்டர் காட்டும் எண்ணுக்கு அர்த்தம்.

எல்லாவற்றிலும் சுலபமானது, ஆயில் மட்டம் பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கின் இடத்தில் வைக்கும் சென்சார். பழைய டிப்ஸ்டிக்கை உருவிவிட்டு இதைச் செருகி, ஒரு வயரை இழுத்தால் வேலை முடிந்தது. எதையும் கழற்ற வேண்டாம், ஆயிலை வடிக்க வேண்டாம். மீட்டரோடு வருபவை உண்டு. குறிப்பிட்ட சூட்டைத் தாண்டினால் விளக்கை மட்டும் எரியவைப்பவையும் உண்டு. டேஷ்போர்டின் பழைய முகம் மாறக்கூடாது என்று நினைப்பவர்களுக்கு விளக்கு வகை பிடிக்கும். வண்டியில் ஒன்றுமே இல்லாமல் இருப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

ஆனால் இதில் எனக்கு இரண்டு குறைகள் தெரிகின்றன. ஒன்று எர்த், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் வழி. ஒற்றை வயர் சென்சாருக்கு அதன் உடம்பு வழியாகத்தான் எர்த் கிடைக்க வேண்டும். டிப்ஸ்டிக் குழாய்க்குள் தளர்வாக உட்கார்ந்திருக்கும்போது அந்தத் தொடர்பு நம்பகமாக இருக்காது, முள் அப்படியும் இப்படியும் ஆடும். அடுத்த குறை இதைவிடப் பெரியது. ஆயில் மட்டம் இறங்கினால் சென்சாரின் நுனி ஆயிலை விட்டு வெளியே வந்துவிடும். அப்போது அது அளப்பது உள்ளே இருக்கும் காற்றின் சூட்டைத்தான். ஆயில் குறைந்து என்ஜின் ஆபத்தில் இருக்கிற அதே நேரத்தில் மீட்டர் குறைவாகக் காட்ட வாய்ப்புண்டு. அதனால் இதைப் போட்டவர்கள் ஆயில் மட்டத்தை அடிக்கடி பார்க்கும் பழக்கத்தை விடவே கூடாது.

என் ஓட்டு சம்புக்குத்தான், அதாவது என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் இடத்துக்கு. என்ஜினின் அடியில், ஆயில் வலையை மூடும் வட்டத் தகட்டின் நடுவே 14 மி.மீ. டிரெயின் பிளக் இருக்கும். அந்த இடத்தில் அதே மரை கொண்ட சென்சாரைப் போடலாம். நுனி எப்போதும் ஆயிலில் மூழ்கியிருக்கும், எர்த்தும் உறுதியாகக் கிடைக்கும். பம்ப் உறிஞ்சப்போகும் ஆயிலையே அளப்பதால் காட்டும் எண்ணை நம்பலாம். வேகமாக ஓடும்போது அடியில் படும் காற்றால் கொஞ்சம் குறைத்துக் காட்டலாம், ஆனால் தினமும் ஒரே மாதிரி காட்டும். அதுதான் எனக்கு வேண்டும்.

இதற்கும் விலை உண்டு. சென்சார் கீழே நீட்டிக்கொண்டிருக்கும், வேகத்தடையும் கல்லும் பார்த்து ஓட்ட வேண்டும். வயரை என்ஜின் உடம்போடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். சென்சார் நுனி நீளமாக இருந்தால் உள்ளே வலையை இடிக்கும், வாங்கும் முன் அளந்து பாருங்கள். பின்னால் வந்த சில மாடல்களின் தகட்டில் டிரெயின் பிளக்கே இருக்காது. அப்போது துளையுள்ள தகடாக மாற்ற வேண்டும். தகட்டின் ஆறு நட்டுகளை முறுக்கும்போது கை நிதானம் தேவை. சுமார் 7 நியூட்டன் மீட்டர் போதும். என்ஜின் உடம்பு மெக்னீசியக் கலவை. அதில் மரை பிய்ந்தால் சரிசெய்வது பெரிய வேலை. மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவதையும் தவிர்க்கலாம், அது எர்த்தைக் கெடுக்கும்.

வேறு வழிகளும் இருக்கின்றன. ஆயில் அழுத்தம் கூடினால் திறந்துகொள்ளும் பிரஷர் ரிலீஃப் வால்வின் மூடிக்குப் பதிலாகப் போடும் சென்சார் கீழே அவ்வளவு நீட்டாது, ஆனால் அது உட்காருவது ஸ்பிரிங் பக்கம். ஆயில் சூடாகி வால்வு மூடியதும் அங்கே ஓட்டம் குறைந்துவிடும், முள் மெதுவாகத்தான் நகரும். ஆயில் விளக்கை எரியவைக்கும் பிரஷர் சுவிட்ச் இடத்தில் டி-பீஸ் (T வடிவ இணைப்பு) வைத்து, சுவிட்ச், சென்சார் இரண்டையும் மாட்டுவது எனக்குப் பிடிக்காது. அந்த மூலையில் ஆயில் தேங்கி நிற்கிறது, போதாததற்கு பித்தளை டி-பீஸ் அதிர்வில் விரிசல் விடலாம். வெளியே தனி ஆயில் கூலர் போட்டவர்கள் அதற்குப் போகும் ஹோஸில் சென்சார் வைக்கலாம், அருமையான இடம். இன்ஃப்ராரெட் துப்பாக்கி ஒப்பிட்டுப் பார்க்க உதவும். பளபளக்கும் உலோகத்தில் தப்பாகக் காட்டும் என்பதால் சம்பில் ஓரிடத்தில் மங்கலான கறுப்பு பெயின்ட் அடித்து அங்கே அளக்க வேண்டும். ஸ்பார்க் பிளக் அடியில் மாட்டும் சிலிண்டர் ஹெட் மீட்டர் வேறு விஷயம். ஏற்றத்தில் ஹெட் சூடு உடனே ஏறும், ஆயில் நிதானமாகப் பின்னால் வரும். ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்று ஆகாது.

சரி, எண்கள். 80 முதல் 100 டிகிரி என்றால் நிம்மதியாக ஓட்டுவேன். வெயிலில் நீண்ட ஏற்றத்தில் 110 வந்தால் பொறுத்துக்கொள்வேன். 120 நெருங்கினால் கியரைக் குறைத்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பேன். எப்போதும் 70-க்குக் கீழேயே நின்றாலும் நல்லதல்ல, ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாமல், ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெண்மையாகப் படியும். வழக்கமாக 90 காட்டும் வண்டி அதே சாலையில், அதே வெயிலில் 105 காட்டினால் பெல்ட் தளர்வு, டைமிங் (ஸ்பார்க் பிளக் பொறி விடும் நேரம்), என்ஜினைச் சுற்றிய தகடுகள், அவற்றின் ஓர ரப்பர், ஆயில் கூலரில் அடைந்த தூசி எல்லாவற்றையும் பாருங்கள்.

வாங்கும்போது மீட்டரும் சென்சாரும் ஒரே ஜோடிதானா என்று உறுதிசெய்யுங்கள். சூடு ஏற ஏற மின்தடை குறையும் வகைதான் அதிகம் புழங்குகிறது, ஆனால் அளவுகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மாட்டும் முன் சென்சாரின் உடம்புக்கு எர்த் கொடுத்து, நுனியைக் கொதிக்கும் நீரில் வையுங்கள். கடல் மட்டத்தையொட்டிய ஊர் என்றால் முள் 100-இல் நிற்க வேண்டும். 6 வோல்ட் பீட்டில் வைத்திருப்பவர்கள் 12 வோல்ட் மீட்டரை அப்படியே மாட்ட முடியாது, கடையில் முதலில் அதைக் கேளுங்கள்.