பித்தளை பாய்லருக்கு பிளெண்டர் போதுமா? பொம்மை நீராவி இன்ஜினை வைத்து ஒரு சோதனை

பழைய பொம்மை நீராவி இன்ஜினை நிஜப் படம்போல ரெண்டர் செய்ய (கம்ப்யூட்டரில் கட்டிய மாடலைப் படமாக்க), காசு கொடுத்து மென்பொருள் வாங்கத் தேவையில்லை. இலவசமாகக் கிடைக்கும் முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரும் அதற்குள்ளேயே இருக்கும் சைக்கிள்ஸ் ரெண்டரரும் தாராளமாகப் போதும். ஒளி உலோகத்தில் பட்டுத் திரும்புவதை சைக்கிள்ஸ் சரியாகவே கணக்கிடுகிறது. அந்த உலோகம் ஐம்பது வருடம் எப்படிப் புழங்கியது என்பதை மட்டும் நாம்தான் சொல்லித்தர வேண்டும். வேலையில் பெரும்பகுதி அங்கேதான் போகிறது. இங்கே சொல்வது பிளெண்டரின் 4.2 எல்.டி.எஸ். (நீண்ட கால ஆதரவுக்கென வெளியிட்ட) பதிப்பைப் பற்றி.

சோதனைக்கு எடுத்துக்கொண்டது, பர்மிங்ஹாமில் 1937-இல் தொடங்கிய மாமோட் நிறுவனம் செய்த மாதிரியான மேசை இன்ஜின். பித்தளை பாய்லர், அடியில் ஸ்பிரிட் விளக்கு, பெயின்ட் அடித்த தகட்டு அடித்தளம், வார்ப்பு ஃபிளைவீல், ஆடும் சிலிண்டர். ஒரு சாண் நீளத்துக்குள் மினுங்கும் உலோகம், எனாமல், சால்டர், கரி எல்லாம் வந்துவிடுவதால் ஒரு ரெண்டரரைச் சோதிக்க இதைவிட நல்ல பொருள் கிடைக்காது.

முதலில் அளவு. யூனிட் ஸ்கேலை 1-லேயே விட்டுவிட்டு, நீள அலகை மட்டும் மில்லிமீட்டருக்கு மாற்றி, நிஜ அளவிலேயே மாடல் செய்யுங்கள். இதில் இரண்டு பொறிகள் உண்டு. கேமராவின் கிளிப் ஸ்டார்ட் (எந்தத் தூரத்திலிருந்து பொருள் தெரியும் என்ற எல்லை) 10 செ.மீ.யில் இருக்கும்; நெருக்கமாகப் போனால் பாய்லரின் முன்பக்கம் வெட்டுப்பட்டுவிடும், 1 மி.மீ.க்கு இறக்குங்கள். நெருங்கிய புள்ளிகளை ஒன்றாக்கும் 'மெர்ஜ் பை டிஸ்டன்ஸ்' கட்டளையின் ஆரம்ப மதிப்பு 0.1 மி.மீ. விசில், வால்வு மாதிரி பொடி பாகங்களில் அதை அப்படியே ஓட்டினால் மரையின் விளிம்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

பாய்லர் உருளைக்கு 128 பக்கம் வையுங்கள். தகட்டின் விளிம்புகளுக்கு 0.2 முதல் 0.3 மி.மீ. பெவல் (விளிம்பைச் சற்றே மழுக்குவது), மூன்று செக்மென்ட். பெவல் இல்லாத விளிம்பில் ஒளிக்கோடு விழாது. படம் பொய்யாகத் தெரிய முதல் காரணம் அதுதான். பாய்லர் மூடி சேரும் இடத்தில் சால்டர் வழிந்து உறைந்த சிறு வளைவு இருக்க வேண்டும், அதுவும் ஒரே சீராக இருக்கக் கூடாது. ஸ்க்ரூவின் தலையில் ஒற்றைக் கோடு போதும். பழைய பொம்மையில் நட்சத்திர வெட்டு போட்டால் விவரம் தெரிந்தவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

சிலிண்டரில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பெரிய ரயில் இன்ஜினைப் பார்த்துப் பழகியவர்கள் இதற்கும் கனெக்டிங் ராடு (இணைப்புத் தண்டு), கிராஸ்ஹெட் (அதைப் பிஸ்டன் தண்டோடு சேர்க்கும் வழுக்குத் துண்டு) எல்லாம் போட்டுவிடுகிறார்கள். ஆடும் சிலிண்டரில் பிஸ்டன் தண்டு நேராக ஃபிளைவீலின் கிராங்க் பின்னில் (மையத்திலிருந்து தள்ளி நிற்கும் முளையில்) மாட்டும். சிலிண்டரே தன் அச்சில் இப்படியும் அப்படியும் ஆடி, நீராவித் துளையைத் திறந்து மூடும். பிளெண்டரில் இதைச் செய்வது சுலபம்: கிராங்க் பின் இடத்தில் ஓர் எம்ப்டி (படத்தில் தெரியாத குறிப்புப் புள்ளி) வைத்து, கூடவே சுழலும்படி அதை ஃபிளைவீலுக்குப் பிள்ளையாக்குங்கள். சிலிண்டர் அந்த எம்ப்டியை நோக்கும்படி ஒரு டேம்ப்டு டிராக் கட்டுப்பாடு. பிஸ்டனுக்கு அதே இடத்தை எடுக்கும் காப்பி லொகேஷன், கூடவே சிலிண்டர் அச்சை நோக்கும் டிராக். கிராங்க் ஆரம் 8 மி.மீ., ஃபிளைவீல் அச்சிலிருந்து சிலிண்டர் அச்சு 45 மி.மீ. என்றால் ஆட்டம் ஒவ்வொரு பக்கமும் சுமார் 10 பாகைதான். அதைவிட அதிகம் ஆடினால் எங்கோ அளவு பிசகியிருக்கிறது.

பிளெண்டரின் நிஜமான குறை இந்தக் கட்டத்தில் தெரியும். ஒரு விட்டத்தைப் பின்னால் போய் மாற்ற, கேட் (பொறியியல் வடிவமைப்பு) மென்பொருளில் இருப்பதுபோல வரலாறு கிடையாது. அந்த மென்பொருள்கள் தரும் ஸ்டெப் கோப்புகளை நேராகத் திறக்கவும் வழியில்லை. இலவச கேட் மென்பொருளான ஃப்ரீகேடில் வரைந்து எஸ்.டி.எல். ஆக்கிக் கொண்டுவந்தால் முக்கோணங்களாக வந்து விழும், அதன்மேல் பெவல் ஒழுங்காக உட்காராது. இந்த அளவுள்ள பொம்மையை பிளெண்டரிலேயே முதலிலிருந்து கட்டுவது நல்லது.

பித்தளைக்கு வருவோம். மேற்பரப்பின் தன்மையை வரையறுக்கும் பிரின்சிபிள்டு ஷேடரில் மெட்டாலிக் 1, அடிநிறம் ஏறத்தாழ 0.91, 0.78, 0.42. இந்த எண்கள் லீனியர் மதிப்புகள், அதனால் ஆர்.ஜி.பி. பெட்டியில்தான் போட வேண்டும். ஹெக்ஸ் பெட்டி வேறு கணக்கு. நிறத்தைக் கையால் மஞ்சளாக்கினால் தங்க முலாம்போல ஆகிவிடும். நிஜத்தன்மை ரஃப்னெஸ்ஸில் (சொரசொரப்பு அளவில்) இருக்கிறது: ஒரே மதிப்பு வைக்காமல் 0.12 முதல் 0.35 வரை ஒரு நாய்ஸ் டெக்ஸ்சரால் (ஒழுங்கற்ற திட்டு வடிவத்தால்) ஓடவிடுங்கள். புளி போட்டுத் தேய்த்த குத்துவிளக்கைப் பாருங்கள்: குமிழ் பளிச்சென்றும், விரல் நுழையாத வரிகளில் கருப்பும் இருக்கும். பாய்லரிலும் மூடியின் ஓரம், வால்வின் அடி, விசிலைச் சுற்றிய வளையம் மூன்றிலும் அழுக்கு தங்கும். சேஃப்டி வால்விலிருந்து தண்ணீர் வழிந்து காய்ந்த வெள்ளைக் கறை ஒன்று, சால்டர் ஓரத்தில் துளிப் பாசிநிறம், சுடர் படும் அடிவயிற்றில் பழுப்பிலிருந்து கருப்புக்குப் போகும் கரி. கரிக்கு மெட்டாலிக் 0, ரஃப்னெஸ் 0.9. அதை உலோகமாகவே விட்டுவிட்டால் கரி எண்ணெய்போல மினுங்கும்.

ஃபிளைவீலின் விளிம்பு லேத்தில் கடைந்தது. ஒளியை ஒரு திசையில் நீட்டும் அனிசோட்ரோபிக் 0.7, டேஞ்சன்ட் நோடில் ரேடியல், ஃபிளைவீலின் சுழல் அச்சு எதுவோ அந்த அச்சு. அச்சு தவறினால் ஒளி விசிறிபோல விரியாமல் ஒரு திட்டாக நின்றுவிடும். பிளெண்டரின் வேகமான இன்னொரு ரெண்டரரான ஈவீயில் இது வேலை செய்யாது; ஈவீயை முன்னோட்டம் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

வடசென்னைக்காரர்களுக்கு ஒரு வசதி, மாதிரி பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். 1855-இல் கட்டிய இ.ஐ.ஆர். (ஈஸ்ட் இந்தியன் ரயில்வே) 21 'எக்ஸ்பிரஸ்' இன்ஜினை 2010-இல் மறுபடி ஓடவைத்ததே பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ்தான். ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) பக்கம் நியூ ஆவடி சாலையில் ரயில் அருங்காட்சியகமும் இருக்கிறது. ஆனால் பெரிய இன்ஜினின் துருவையும் ரிவெட்டையும் பொம்மைக்கு மாற்றாதீர்கள். பித்தளை துருப்பிடிக்காது, பொம்மையின் தகடு அச்சில் அழுத்தியது. ஒரு பாத்திரக் கடையின் பழைய பித்தளை அடுக்கும், வியாசர்பாடிப் பக்கம் ஒரு லேத் பட்டறையின் கடைசல் மிச்சமும்தான் சரியான மாதிரி. வெயில் நேராக விழாத இடத்தில் செல்போனில் படம் எடுத்து வையுங்கள்.

எனாமல் பெயின்டுக்கு ரஃப்னெஸ் 0.3 அளவில் போதும், மேலே மிக மெல்லிய பம்ப் (மேடுபள்ளம்போலக் காட்டுவது). பெயின்ட் உதிர்ந்த இடங்களுக்கு எல்லோரும் விளிம்புகளைக் கண்டறியும் பாயின்டினெஸ் நோடைப் பிடித்துக்கொள்கிறார்கள். அது வெர்டெக்ஸ் (மாடலின் மூலைப்புள்ளி) அடர்த்தியை நம்பி வேலை செய்வதால், பெரிய தட்டையான தகட்டில் ஒன்றும் வராது, பெவலில் மட்டும் கோடு போட்டதுபோல வரும். எல்லா விளிம்பும் ஒரே அளவு தேய்ந்த பொம்மை உலகத்திலேயே இல்லை. கை படும் மூலைகள், விளக்கு உள்ளே போய் வரும் வாய், புகைபோக்கியின் அடி ஆகிய இடங்களில் மட்டும் மாஸ்க்கை (பெயின்ட் எங்கே உதிர வேண்டும் என்ற வரைபடத்தை) கையால் வரையுங்கள். நேரம் பிடிக்கும்தான், ஆனால் வித்தியாசம் கண்ணில் அடிக்கும்.

வெளிச்சத்துக்கு எச்.டி.ஆர்.ஐ. (சுற்றுப்புற ஒளியைத் தரும் படம்) மட்டும் போட்டால் பாய்லர் குழம்பிய கண்ணாடியாகிவிடும். 40×10 செ.மீ. ஏரியா லைட் ஒன்றை பாய்லரின் நீளத்துக்கு இணையாக அரை மீட்டர் மேலே வையுங்கள். 2 வாட்டில் தொடங்கினால் போதும். நிஜ அளவுக் காட்சியில் நூற்றுக்கணக்கான வாட் போட்டால் எல்லாம் வெளுத்துவிடும். இரண்டு பக்கமும் கருப்புத் தகடு நிறுத்தினால் உருளையின் ஓரங்கள் இருண்டு, வடிவம் எழுந்து நிற்கும். கேமரா 85 அல்லது 100 மி.மீ., எஃப்/16. எஃப்/2.8 வைத்தால் விசில் மட்டும் தெளிவாகி மற்றதெல்லாம் கரைந்துவிடும். ஆரம்பத்திலேயே இருக்கும் ஏஜிஎக்ஸ் என்ற நிற அமைப்பு பித்தளையின் பளபளப்பைச் சற்று வெளிறவைக்கும். லுக்கில் மீடியம் ஹை கான்ட்ராஸ்ட் போட்டால் சரியாகும்.

சாம்பிள் (ஒவ்வொரு புள்ளிக்கும் ஒளியைக் கணக்கிடும் தடவை) 4096 என்று இருக்கும், 1024 போதும். பித்தளையிலிருந்து அடித்தளத்தில் விழும் பொன்னொளிக்காக ரிஃப்ளெக்டிவ் காஸ்டிக்ஸை அணைக்காமல் வையுங்கள். வெள்ளைப் புள்ளிகள் வந்தால் இன்டைரக்ட் கிளாம்பை (பட்டுத் திரும்பும் ஒளியின் உச்சவரம்பை) 10-லிருந்து 5-க்கு இறக்குங்கள். படத்தின் புள்ளிக் கலங்கலைத் துடைக்கும் டீநாய்ஸர் மெல்லிய கீறல்களை மழுக்கும். நாய்ஸ் த்ரெஷோல்டை 0.005 ஆக்கி, டீநாய்ஸ் செய்த படத்தோடு செய்யாததையும் கம்போசிட்டரில் கொஞ்சம் கலந்தால் கீறல் திரும்ப வரும்.

சுடரும் ஆவியும் சேர்ப்பவர்களுக்கு: ஸ்பிரிட் சுடர் வெளிச்சத்தில் ஏறக்குறைய கண்ணுக்கே தெரியாது, மங்கிய நீலம் போதும். ஆவி, குழாய் வாயை ஒட்டித் தெரியாது. கொஞ்சம் தள்ளிக் குளிர்ந்த பிறகே வெண்மையாகும். அந்த இடைவெளியை விடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது, 4.2 பதிப்புக்கு எஸ்.எஸ்.இ. 4.2 என்ற கட்டளைத் தொகுப்பு உள்ள பிராசஸர் தேவை. பழைய கோர் 2 டுவோ எதிலும் திறக்காது. ஒரு 4கே டெக்ஸ்சர் மெமரியில் 64 எம்.பி. பிடிக்கும், பதினாறு சேர்ந்தால் ஒரு ஜி.பி. 4 ஜி.பி. கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் கேமராவுக்குத் தெரியாத பாகங்களுக்கு 1கே போதும். அனிமேஷனை எம்.பி.4 ஆக நேராக ரெண்டர் செய்யாதீர்கள். நடுவில் கரண்ட் போனால் மொத்தக் கோப்பும் வீண். பி.என்.ஜி. வரிசையாக எடுங்கள், ஓவர்ரைட்டை அணைத்து, பிளேஸ்ஹோல்டர்ஸைப் (தொடங்கும் ஃபிரேமுக்கு வெற்றுக் கோப்பு வைப்பது) போடுங்கள். கரண்ட் வந்ததும், நின்றபோது ஓடிக்கொண்டிருந்த ஃபிரேமின் வெற்றுக் கோப்பை மட்டும் அழித்துவிட்டு மறுபடி ரெண்டர் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும். சித்திரை வெயிலில் மூடிய அறையில் கார்டு சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்; நீண்ட ரெண்டரை ராத்திரி பத்து மணிக்கு மேல் போடுங்கள்.