மணலில் ஓட்டிக் காட்டும் குதிரையை வாங்காதீர்கள்

பிள்ளைக்கு மட்டக்குதிரை வாங்க நினைக்கும் யாழ்ப்பாணத்தவர்கள் யாராவது இருந்தால் இதைக் கடைசிவரை வாசியுங்கள். நாலரை லட்சம் ரூபா போனது ஒரு பக்கம். ஒரு வாயில்லாச் சீவன் எங்கள் கொட்டிலில் நின்று பட்ட வேதனை இன்னொரு பக்கம்.

மகளுக்குப் பதினொரு வயது. நுவரெலியாவில் கிரெகரி வாவிக்கரையில் ஒருமுறை குதிரையில் ஏறி இறங்கியவள், அன்றிலிருந்து வேறு பேச்சே இல்லை. கனடாவில் இருக்கும் என் அண்ணா மருமகளின் ஆசைக்குக் காசு அனுப்பினார். கோண்டாவிலில் எங்கள் வளவு பெரியது, பின்பக்கம் பழைய மாட்டுக் கொட்டிலும் இருக்கிறது. விசாரித்ததில், வடமராட்சி கிழக்கில் ஒருவர் குதிரை வாங்கி விற்கிறார் என்று தெரியவந்தது.

அவர் முதலில் "நெடுந்தீவு இனம், அக்கா" என்றார். நெடுந்தீவுக் குதிரைகளைத் தீவுக்கு வெளியே கொண்டுவரத் தடை இருக்கிறதே என்று என் தம்பி கேட்டதும், "இல்லை, தாய்வழியில கொஞ்சம் கலப்பு" என்று மாற்றிவிட்டார். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். ஆனால் மகள் அதற்குள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். கபில நிறப் பெட்டை, நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு, அமைதியான கண். வயது எட்டு என்றார்கள். குளம்புகள் கறுப்பாக, எண்ணெய் பூசி மினுமினுத்தன. கடற்கரைப் பக்கம் மணலில் ஓட்டிக் காட்டினார்கள், அழகாக ஓடியது. கொஞ்சம் கல் ஒழுங்கையிலும் நடத்திக் காட்டுங்கள் என்று கேட்க எங்களுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் காலை கொட்டிலை விட்டு வெளியே வரவே மறுத்தது. கயிற்றைப் பிடித்து மெல்ல இழுத்தபோது முட்டையின்மேல் நடப்பதுபோல் அடி வைத்தது. ஒழுங்கையில் இரண்டு தரம் முன்கால் இடறி, மூக்கு நிலத்தில் முட்டப் பார்த்தது. நல்லகாலம், மகள் அப்போது முதுகில் இல்லை. ஆனால் எந்தக் காலில் நோவு என்று எங்களால் சொல்ல முடியவில்லை. ஒரு காலை நொண்டினால் தெரிந்திருக்கும். இது நொண்டவில்லை, முழு உடம்புமே விறைத்ததுபோல் இருந்தது.

விற்றவருக்குத் தொலைபேசி எடுத்தேன். "புது இடம் அக்கா, தோள்பட்டை பிடிச்சிருக்கும். நடக்க நடக்க இளகிடும். நல்லாச் சாப்பாடு போடுங்கோ" என்றார். நம்பினோம். அரிசித் தவிடு, சோளம், மிஞ்சிய பாண், வாழைப்பழம் என்று மகள் பார்த்துப் பார்த்துக் கொடுத்தாள். பின்னேரங்களில் தம்பி ஒழுங்கையில் நடத்தினான். நாளுக்கு நாள் மோசமாகியது.

அப்புறம் அதே ஆள் இன்னொருவரை அனுப்பிவைத்தார், குதிரை வைத்தியம் தெரிந்தவராம். வந்தவர் குளம்பைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. முழங்காலைத் தடவிவிட்டு வாதம் என்றார், தோளுக்கு எண்ணெய் தேய்க்கச் சொன்னார், ஒரு ஊசி போட்டார், பதினையாயிரம் ரூபா வாங்கினார். இரண்டு நாள் சுகமாகத்தான் இருந்தது. ஐந்தாம் நாள் படுத்தது, எழும்பவில்லை. மகள் கொட்டிலிலேயே பாயை விரித்துக்கொண்டு படுத்தாள். அந்த இரவை என்னால் மறக்க முடியவில்லை.

எங்கள் பகுதி அரச கால்நடை வைத்தியரைத்தான் முதலிலேயே கூப்பிட்டிருக்க வேண்டும். அவர் வந்து பார்த்துவிட்டு நேர்மையாகச் சொன்னார்: "எனக்கு மாடும் ஆடும்தான் பழக்கம். ஆனால் இது தோள் இல்லை, குளம்பு." பேராதனையில் தன்னோடு படித்த ஒருவருடன் பேசி, குதிரை பார்க்கும் டொக்டர் ஒருவரை எக்ஸ்ரே கருவியோடு வரவழைத்துத் தந்தார். அந்த உதவியை நாங்கள் சாகும்வரை மறக்கமாட்டோம்.

வந்த டொக்டர் எதையும் சொல்லுமுன் குதிரை நிற்கும் விதத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். முன்கால்கள் இரண்டையும் முன்னே நீட்டி, பாரத்தைப் பின்னால் சாய்த்து நின்றது. பிறகு காலின் பின்புறம், குளம்புக்கு மேலே விரல் வைத்துப் பார்க்கச் சொன்னார். நாடி திம் திம்மென்று அடித்தது. சுகமான குதிரையில் அந்த இடத்தில் நாடியைத் தேடித்தான் பிடிக்க வேண்டுமாம். இடுக்கிபோன்ற ஒரு கருவியால் குளம்பின் அடியில் முன்பக்கத்தை அழுத்தினார், வெடுக்கென்று காலை இழுத்தது. மற்றக் காலிலும் அதே. நொண்டல் தெரியாததன் காரணம் அப்போதுதான் விளங்கியது: இரண்டு முன்கால்களும் ஒரே அளவு நோகும்போது எந்தக் காலைக் காப்பாற்றுவது? குட்டை அடியும் விறைப்பும் மட்டும்தான் வெளியே தெரியும்.

நோயின் பெயர் லேமினைடிஸ். குளம்பின் வெளிச்சுவரையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிணைத்து வைத்திருப்பவை மெல்லிய தகடுபோன்ற இழையங்கள். அவை அழன்று பிடி தளர்ந்தால், குதிரையின் பாரமே அந்த எலும்பைச் சுவரிலிருந்து பிரித்துக் கீழ்நோக்கித் திருப்பிவிடும். எங்கள் குதிரையின் எக்ஸ்ரேயில் எலும்பின் நுனி கீழே சாய்ந்திருந்தது. இது போன கிழமை வந்ததல்ல, மாதக்கணக்கான பழைய நோய் என்றார். குளம்பின் முன்நுனி நீண்டு கிடந்ததால்தான் அடிக்கடி இடறியது. மட்டக்குதிரைகளுக்கு இது எளிதில் வரும், மாச்சத்தும் இனிப்பும் கூடிய தீனி பெரிய காரணம் என்றார். மகள் கொடுத்த சோளமும் பாணும் வாழைப்பழமும் எரிகிற நெருப்பில் எண்ணெயாகிவிட்டன. அவள் அழுத அழுகைக்கு அந்த வியாபாரிதான் பதில் சொல்ல வேண்டும், அவள் அல்ல.

கொட்டில் மூலையில் கிடந்த வெற்று ஊசிமருந்துக் குப்பியை எடுத்துப் பார்த்த டொக்டர் முகம் சுளித்தார். ஸ்டீரொயிட். இந்த நோய் இருக்கும் குதிரைக்கு அது ஆபத்தாகலாம், நோவுடன் தினமும் நடத்தியது அதைவிடக் கெடுதல் என்றார்.

ஏமாற்று எங்கே நடந்தது என்பதையும் அவரே பிரித்துக் காட்டினார். இந்த நோய் பட்ட குளம்பில் வளையம் வளையமாகக் கோடுகள் விழும், குதிப்பக்கம் அகன்றும் முன்பக்கம் நெருங்கியும் இருக்கும். எங்கள் குதிரையில் அவற்றை அரத்தால் ராவி, மேலே எண்ணெய் பூசியிருந்தார்கள். மினுமினுப்பின் இரகசியம் அதுதான். மணல் மெத்தைபோல் வாங்கிக்கொள்வதால் அங்கே நோவு குறைவு, கல்லிலும் தாரிலும் சிறு வட்டத்தில் திருப்பினால் உடனே தெரிந்திருக்கும். மூன்றாம் நாள் திடீரென்று முடங்கியதைப் பார்த்தால், விற்பதற்கு முன் ஃபெனில்பியூட்டசோன்போல ஒரு வலிநிவாரணி கொடுத்திருக்கக்கூடும் என்றார். வாங்கும் நாளிலேயே டொக்டர் ஒருவர் இரத்தம் எடுத்து வைத்திருந்தால் அதை நிரூபித்திருக்கலாம். வயதும் பொய். மேல்வரிசை ஓரத்து முன்பல்லில் பத்து வயதளவில் ஈறோரமாக ஒரு கோடு தொடங்கி, 15 வயதில் பாதிப் பல்லுக்கு இறங்கிவிடும். எட்டு வயதென்று விற்ற குதிரைக்கு அது பாதியைத் தாண்டியிருந்தது.

விற்றவரிடம் எக்ஸ்ரே படத்தோடு போனோம். "வாங்கேக்க நல்லாத்தானே ஓடினது? உங்கட ஆக்கள் பார்த்துத்தானே எடுத்தனீங்கள்" என்றார். எங்களிடம் துண்டுக் கடதாசிகூட இல்லை. வயதும் சுகமும் எழுதிக் கையெழுத்து வைக்காத எவரிடமும் காசு கொடுக்காதீர்கள். காசு கொடுக்கமுன் உங்கள் செலவில், நீங்கள் தேர்ந்த டொக்டரைக் கொண்டுபோங்கள், விற்பவர் கூட்டிவரும் ஆளை அல்ல. இன்னொன்று, தீனிக் கடையில் கோழித்தீனி நல்ல சத்து என்று சொல்வார்கள். சில கோழித்தீனிகளில் சேர்க்கும் மொனென்சின் என்ற மருந்து குதிரையைக் கொன்றுவிடும். எங்களுக்கும் அந்த மூட்டையைத் தூக்கித் தந்தார்கள், நல்லவேளை வாங்கவில்லை.

இப்போது கொட்டிலில் முழங்கால் ஆழத்துக்கு மணல் போட்டிருக்கிறோம். தவிடும் சோளமும் முற்றாக நிறுத்தி, தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த காய்ந்த புல் மட்டும் அளந்து கொடுக்கிறோம். ஆறு கிழமைக்கு ஒருமுறை குளம்பின் முன்நுனியைச் சீவ ஆள் வருகிறார். புதுக் குளம்பு மேலிருந்து கீழே வளர்ந்து முடிய ஒரு வருடம் வரை செல்லுமாம். இப்போது தானாக எழும்பி நிற்கிறது, மகளைக் கண்டால் கனைக்கிறது. அதன் முதுகில் அவள் இனி ஏறப்போவதில்லை என்று அவளே சொல்லிவிட்டாள்.

போன சனிக்கிழமை தம்பி அந்தப் பக்கம் போயிருந்தான். அதே மணலில் ஒரு வெள்ளைக் குதிரையை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்களாம், ஒரு குடும்பம் நின்று பார்த்ததாம். குளம்பு நாலும் கறுப்பாக மினுங்கினவாம். அந்தக் குடும்பம் நீங்களாக இருந்தால், இன்னும் காசு கொடுக்கவில்லையென்றால், குதிரையைத் தார் வீதிக்குக் கொண்டுவந்து சிறு வட்டத்தில் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்.