ஓட்டப்பந்தயத் தண்ணீர் மேசை: பாட்டிலா, காகிதக் கப்பா, டம்ளரா?

சுற்றுச்சூழலுக்கு உகந்த ஓட்டம் என்று ஒரு பந்தயம் விளம்பரம் செய்தால், அங்கே பெரும்பாலும் செய்திருப்பது ஒன்றுதான்: பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்துவிட்டுக் காகிதக் கப் வைத்திருப்பார்கள். இதை முன்னேற்றம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. சென்னைச் சாலைகளில் ஓடியும் இருக்கிறேன், தண்ணீர் மேசைக்குப் பின்னால் தன்னார்வலராக நின்றும் இருக்கிறேன். நமக்கு முன்னால் இருக்கும் வழிகளிலேயே மோசமானது காகிதக் கப்தான் என்பது என் முடிவு. அதற்கான காரணங்களைச் சொல்கிறேன். மற்ற வழிகளையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலில் அளவு. அரை மாரத்தான் 21.1 கிலோமீட்டர். இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு மேசை என்றால் பத்து மேசைகள். 5,000 பேர் ஓடி, மேசைக்கு ஒரு கப் எடுத்தாலே 50,000 கப். முழு மாரத்தானும் பத்து கிலோமீட்டர் ஓட்டமும் இந்தக் கணக்கில் வரவில்லை. இவ்வளவும் நாலைந்து மணி நேரத்துக்குள் மெரினாவை ஒட்டிய காமராஜர் சாலையிலும் பெசன்ட் நகரிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் விழுகிறது. கடற்காற்று வீசும் இடங்கள். அடையாற்று முகத்துவாரம் கூப்பிடு தூரம். பங்குனி ஆமை என்று நம் மீனவர்கள் சொல்லும் ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிடக் கரையேறத் தொடங்குவதும், சென்னையின் பெரிய ஓட்டங்கள் நடப்பதும் ஒரே ஜனவரியில். ஆகவே ஒரு பொருள் எதனால் செய்யப்பட்டது என்று கேட்பதைவிட, ஓடுகிறவர் கையை விட்ட பிறகு அது எங்கே போகிறது, யார் எடுப்பார்கள், எடுத்தவருக்கு என்ன கிடைக்கும் என்று கேட்பதுதான் எனக்குச் சரியான அளவுகோலாகப் படுகிறது.

சின்ன பாட்டிலும் காகிதக் கப்பும்

200 மில்லி பாட்டிலின் குறை எல்லோருக்கும் தெரியும். ஓடுகிறவர் இரண்டு மடக்கு குடித்துவிட்டு எறிகிறார். பாதிக்கு மேல் தண்ணீர் சாலையில் கொட்டுகிறது. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்த ஊர் இது. அந்த ஊர்க்காரர்கள் பாதி குடித்த பாட்டிலை வீசிவிட்டு ஓடுவதைப் பார்க்க மனம் பொறுப்பதில்லை. பின்னால் வருகிறவர் காலுக்கடியில் பாட்டில் உருண்டு கணுக்கால் பிசகுவதும் உண்டு.

ஆனால் பாட்டிலுக்கு ஒரு பலம் இருக்கிறது. அதற்கு விலை உண்டு. பெட் (PET) என்ற பிளாஸ்டிக்கில் செய்த இந்தப் பாட்டிலை எடைக்கு வாங்கக் காயலாங்கடை இருக்கிறது. அதனால் ஓட்டம் முடிவதற்கு முன்பே சாக்கோடு வந்து பொறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். கடைசி ஓட்டக்காரர் கடக்கும்போது அந்த இடத்தில் பாட்டில்களில் பெரும்பகுதி இருக்காது. கரூரில் இத்தகைய பாட்டில்களிலிருந்து நூல் எடுத்துத் துணி நெய்கிறார்கள். 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்கு அணிந்து வந்த மேலங்கியின் துணி அங்கிருந்து போனதுதான். பாட்டில் துணியான பிறகு அந்தத் துணி மறுபடியும் பாட்டிலாவதில்லை, துவைக்கும்போது நுண்ணிழைகளும் உதிரும். ஆகவே இதை முழுத் தீர்வு என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் குப்பையை எடுத்துப் போக ஆள் வருகிறார், எடுத்தவருக்குக் கூலியும் கிடைக்கிறது.

காகிதக் கப்புக்கு இந்த இரண்டுமே இல்லை. உள்பக்கத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், மெல்லிய ஏடு ஒன்று உரிந்து வரும். அது பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக். அந்தப் பூச்சு இல்லாவிட்டால் தண்ணீர் ஊற்றிய சற்று நேரத்தில் கப் ஊறிப்போகும். அந்தப் பூச்சு இருப்பதால்தான் பழைய பேப்பர் வாங்குகிறவர் இதைத் தொடுவதில்லை. காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் பிரிக்கத் தனி ஏற்பாடுள்ள ஆலை வேண்டும், நனைந்து மிதிபட்ட கப்பை அங்கே அனுப்புகிறவர் யாரும் இல்லை. மேசையில் ஆறு வரிசையாக நிரப்பி, மேலே அட்டை வைத்து, அதன்மேல் இரண்டாம் அடுக்கு அடுக்குவோம். முன்வரிசை காலியாவதற்குள் முதலில் எறியப்பட்ட கப்புகள் செருப்பிலும் ஷூவிலும் மிதிபட்டுத் தாரோடு ஒட்டிக் கூழாகிவிடும். தூய்மைப் பணியாளர்கள் துடைப்பத்தால் தள்ளினால் வராது. குனிந்து கையால் உரித்தெடுக்க வேண்டியிருக்கிறது. காற்றில் பறந்தவை மழைநீர் வடிகாலுக்குள் போய்விடும்.

இன்னொன்று, இதைச் சட்டம் எப்போதோ தீர்த்துவிட்டது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 வகைப் பொருள்களில் பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்பும் ஒன்று. தண்ணீர் பாக்கெட்டும் அந்தப் பட்டியலில் உண்டு, பெட் பாட்டில் இல்லை. 2022 ஜூலை 1 அன்று நாடு முழுவதும் வந்த தடையில் காகிதக் கப் இடம்பெறவில்லை. வேறு மாநிலத்து ஓட்டங்களைப் பார்த்துவிட்டு இங்கேயும் அதையே செய்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று அரசு இயக்கம் நடத்தும் மாநிலத்தில், தடை செய்த பொருளைப் பல்லாயிரக்கணக்கில் சாலையில் கொட்டிவிட்டு அதைப் பசுமை என்று சொல்லக்கூடாது.

பூச்சில்லாத கப், தாவர மாவுப் பூச்சுள்ள கப் என்று விற்கிறார்கள். மக்கும் என்று அச்சிட்டிருக்கும். அவற்றில் பல தொழிற்கூட உரக்கிடங்கின் சூட்டில் மட்டுமே மக்குபவை. சாலையோரத்தில் அப்படியே கிடக்கும். சேகரித்து உரக்கிடங்குக்கு அனுப்பும் ஏற்பாடு கையில் இருந்தாலொழிய இந்தக் கூடுதல் செலவு வீண்.

கடற்பாசி உறை

2019 லண்டன் மாரத்தானில் 23-வது மைலில் விளையாட்டுப் பானம் நிரப்பிய 30,000-க்கும் மேற்பட்ட கடற்பாசி உறைகளைக் கொடுத்தார்கள். வாயில் போட்டுக் கடித்தால் பானம் வெளிவரும், உறையையும் விழுங்கலாம். துப்பினாலும் சில வாரங்களில் மக்கிவிடும். பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டைக் கால்சியம் உப்போடு சேர்த்து இந்த உறையைச் செய்கிறார்கள். மன்னார் வளைகுடாவில் அந்தப் பாசி நமக்கும் உண்டு. ராமநாதபுரம் மாவட்டப் பெண்கள் தலைமுறைகளாகக் கடலில் முங்கிப் பாசி எடுக்கிறவர்கள். 2023-ல் அங்கே கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல்லும் நாட்டப்பட்டது. அவர்கள் கையில் இந்தத் தொழில் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

இன்றைக்கு இது மேசைக்கு வருமா என்றால், வராது. உறையில் அடங்குவது ஒன்றிரண்டு மடக்குதான். தயாரித்த சில நாள்களுக்குள் பயன்படுத்தியாக வேண்டும். கைமாறும் உறையின் மேற்பரப்பு சுத்தமாக இருக்க வேண்டும். லண்டனிலேயே ஒரே ஒரு இடத்தில்தான் கொடுத்தார்கள்.

அதே ஆண்டு லண்டனில் நடந்த இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். தண்ணீர் நிலையங்களை 26-லிருந்து 19-ஆகக் குறைத்து, முந்தைய ஆண்டின் 9,20,000 பாட்டில்களை 7,04,000-ஆக இறக்கத் திட்டமிட்டார்கள். மேசைகளைக் குறைத்தால் குப்பை குறையும், செலவும் குறையும். நம் ஊர் அமைப்பாளர்களுக்கும் இந்த ஆசை வரலாம். வரவே கூடாது. 2018-ல் 24.1 டிகிரி பதிவானபோது, லண்டன் மாரத்தான் வரலாற்றிலேயே அதிக வெப்பமான நாள் என்றார்கள். சென்னையில் ஜனவரி விடியற்காலையே ஏறக்குறைய அந்த வெப்பத்தில் இருக்கும், ஈரப்பதம் அதைவிட மிக அதிகம். எட்டு மணிக்குமேல் ஓடிக்கொண்டிருப்பவர்கள் புதியவர்கள், வயதானவர்கள், மெதுவாக ஓடுகிறவர்கள். தண்ணீரைக் குறைத்தால் அவர்கள்தான் விழுவார்கள். எந்தச் சுற்றுச்சூழல் நியாயமும் அதற்கு ஈடாகாது.

சொந்தப் பாட்டில்

பிரான்ஸின் ஷமோனியில் நடக்கும் யு.டி.எம்.பி. மலை ஓட்டத்தில் கப்பே கிடையாது. ஒவ்வொருவரும் குறைந்தது 150 மில்லி கொள்ளும் சொந்தக் கப் வைத்திருக்க வேண்டும், அது கட்டாய உபகரணப் பட்டியலில் இருக்கிறது. குப்பை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் மலைப்பாதையில் நிறுத்தி, நிரப்பி, நின்று குடிக்க நேரம் உண்டு. நகரச் சாலையில் ஒரே நிமிடத்தில் நூறு பேர் மேசைக்கு வந்தால் குழாயடியில் கூட்டம் நெரியும்.

ஆகவே தூரத்தைப் பார்த்துப் பிரிக்கலாம். பத்து கிலோமீட்டர் வரையிலான ஓட்டங்களுக்குச் சொந்தப் பாட்டிலைக் கட்டாயமாக்குவதில் எனக்குத் தயக்கமே இல்லை. எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி ஓட்டங்கள் அப்படித்தான் நடக்கின்றன. ஸ்கூட்டரில் ஒரு 20 லிட்டர் கேன், ஒரு சொம்பு. பாட்டில் மறந்தவர் சொம்பை வாங்கி உதட்டில் படாமல் அண்ணாந்து குடிப்பார். குழந்தையிலிருந்தே பழகிய கைப்பக்குவம் அது, வெளிநாட்டு அமைப்பாளர்களுக்கு இல்லாத வசதி. ஓடிக்கொண்டே அண்ணாந்து குடித்தால் புரையேறும் என்பதால் நடந்துதான் குடிக்க வேண்டும். அதனால் போவது சில விநாடிகள்.

கழுவி வைக்கும் டம்ளர்

அரை மாரத்தானுக்கும் முழு மாரத்தானுக்கும் நான் முன்வைப்பது இதைத்தான். தடிமனான, மடங்கும் சிலிக்கான் கப்புகளை வெளிநாட்டு ஓட்டங்கள் சிலவற்றில் கொடுத்து, சேகரித்து, கழுவி அடுத்த ஓட்டத்துக்குக் கொண்டு போகிறார்கள். நமக்கு அதை இறக்குமதி செய்ய வேண்டிய தேவையில்லை. ஊருக்கு ஊர் பாத்திர வாடகைக் கடைகள் இருக்கின்றன. கல்யாணத்துக்கு ஆயிரக்கணக்கில் எவர்சில்வர் டம்ளர்களை எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்குவது அவர்களுக்கு அன்றாட வேலை. ஒரே காலையில் மூன்று பந்திக்குக் கழுவி அடுக்கும் ஆட்களும் அவர்களிடம் உண்டு. காணாமல் போனதற்குத் தனிக் கணக்கும் எழுதுவார்கள்.

சிக்கல்கள் இல்லாமல் இல்லை. ஓடுகிற வேகத்தில் எவர்சில்வர் டம்ளரைச் சாலையில் எறிந்தால் பின்னால் வருகிறவருக்கு ஆபத்து. அதனால் மேசைக்குப் பிறகு ஐம்பது அறுபது மீட்டருக்கு நடைப்பகுதி என்று கயிறு கட்டி, இரு பக்கமும் அகலமான கூடைகளை வைக்க வேண்டும். நேரத்துக்காக ஓடுகிற முன்வரிசையினர் நூற்றுக்கணக்கில்தான் இருப்பார்கள். அவர்களுக்குக் கெட்டியான பிளாஸ்டிக் டம்ளர் தனி மேசையில் கொடுக்கலாம், கீழே விழுந்தாலும் தன்னார்வலர் எடுத்துவிடலாம். சாலையோரத்தில் கழுவக் கூடாது. நுரையும் அழுக்கு நீரும் வடிகாலுக்குப் போகும், சுத்தத்துக்கும் உத்தரவாதம் இல்லை. போதுமான எண்ணிக்கையில் கொண்டு வந்து, பயன்படுத்தியதைக் கிரேட்டுகளில் திருப்பி அனுப்பி, கூடத்தில் கொதிநீரில் கழுவ வேண்டும். கழுவத் தண்ணீர் செலவாகும், வண்டிக்கு டீசல் செலவாகும். டம்ளர்கள் திரும்பி வராமல் தொலைந்துகொண்டே இருந்தால் இந்த வழியின் நியாயமே போய்விடும். ஆனால் எவர்சில்வர் டம்ளரைத் தெருவில் விட்டுப் போகிற பழக்கம் நம்மிடம் இல்லை. முதலில் பந்தயத்தின் கடைசிக் கோட்டில், எல்லோரும் நின்று குடிக்கிற இடத்தில் தொடங்கலாம். அங்கே ஒரு கப்கூட வீண் போகத் தேவையில்லை.

பயணம்

தெருவும் கடலும் என்று பார்த்தால் கப்தான் முக்கியம். கரிமம் என்று பார்த்தால் பயணம் அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். தாம்பரத்திலிருந்து ஓட்டம் தொடங்கும் நேப்பியர் பாலத்துக்கு ஒருவர் தனியாகக் காரில் போய் வந்தால் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றால் நான்கு லிட்டர் பெட்ரோல். லிட்டர் ஒன்றுக்குச் சுமார் 2.3 கிலோ வீதம் 9 கிலோ கரியமில வாயு. சின்ன பாட்டில் ஒன்று சுமார் 10 கிராம், ஒரு கிலோ பெட் தயாரிக்க இரண்டு முதல் மூன்று கிலோ கரியமில வாயு வெளியாகிறது. அந்த ஒரு கார்ப் பயணம் குறைந்தது முந்நூறு பாட்டில்கள் தயாரிப்பதற்குச் சமம். மும்பைக்கும் லடாக்கின் லே நகருக்கும் விமானத்தில் போய் ஓடுவதை இந்தக் கணக்கோடு ஒப்பிடவே முடியாது.

லண்டனில் ஓட்டக்காரர்கள் மார்பில் குத்திய எண் அட்டையைக் காட்டிச் சுரங்க ரயிலில் இலவசமாகப் போகிறார்கள். சென்னை மெட்ரோவும் மாரத்தான் நாளில் விடியற்காலை 3 மணிக்கே ரயில் விட்டிருக்கிறது. அரசினர் தோட்டம் நிலையத்திலிருந்து நேப்பியர் பாலம் நடை தூரம், தசை சூடேறவும் அது போதும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இது நடக்க வேண்டும். மெட்ரோ டிக்கெட்டைப் பதிவுக் கட்டணத்திலேயே சேர்த்துவிட்டு, கார் நிறுத்துமிடத்துக்குத் தனிக் கட்டணம் வாங்கலாம். பதிவுப் படிவத்திலேயே ‘டி-ஷர்ட் வேண்டாம்’, ‘பதக்கம் வேண்டாம்’ என்று இரண்டு கட்டங்கள் சேர்த்து, அந்தப் பணத்தைக் கட்டணத்தில் கழித்துக் கொடுக்கலாம். ஸ்காட்லாந்தில் தொடங்கிய ஒரு திட்டத்தில் டி-ஷர்ட்டுக்குப் பதில் மரம் நடுகிறார்கள். எனக்குப் பணம் திரும்பக் கிடைப்பதே நல்லது என்று படுகிறது. அதில் பாதியைக் கையால் கப் பொறுக்கும் தூய்மைப் பணியாளர்களின் அன்றைய கூடுதல் கூலிக்குக் கொடுக்க மூன்றாவதாக ஒரு கட்டமும் வைத்தால், முதலில் நான் தட்டுவேன்.