மோர் நல்லா இருந்தது, சாவிதான் இல்லை: 5க்கு 3

பொறியியல் கலந்தாய்வுக்கு முன்னால் தம்பியைக் கூட்டிக்கொண்டு கோவைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியைச் சுற்றிப் பார்க்கப் போனோம், பெயர் வேண்டாம். வரவேற்பெல்லாம் பிரமாதம்: ஜில்லென்று மோர், ஏசி அரங்கில் வேலைவாய்ப்பு வீடியோ, அப்புறம் பேட்டரி வண்டியில் ஒரு சுற்று. ஆனால் வண்டி நின்றதெல்லாம் அவர்கள் காட்ட நினைத்த இடத்தில்தான். ஹாஸ்டல் கழிப்பறையைப் பார்க்கணும் என்றதும் "சாவி வார்டன்கிட்ட இருக்கு மேடம்" ஆகிவிட்டது.

வாசலில் என்பிஏ (படிப்புகளின் தரத்தைப் பார்த்துச் சான்று தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் என்று பெரிய பலகை. அதை மொத்தக் கல்லூரிக்கும் தருவதில்லை, ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியாக, அதுவும் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் தருவார்கள். தம்பி கேட்கிற பிரிவுக்கு இருக்கா என்றால் ஆள் மாற்றி ஆள் வந்து, கடைசியில் "விண்ணப்பித்திருக்கிறோம்".

உருப்படியான விஷயம் கிடைத்தது கேன்டீனில். வழிகாட்ட வந்தவரைக் கழற்றிவிட்டு, டீ குடித்துக்கொண்டிருந்த மூன்றாம் ஆண்டுப் பையன்களிடம் உட்கார்ந்தோம். லேபில் எத்தனை பேருக்கு ஒரு கம்ப்யூட்டர், பஸ் கட்டணம், அரியர் நிலவரம், வேலைக்கு ஆள் எடுக்க உண்மையில் யார் வந்தார்கள், எல்லாம் பத்தே நிமிடத்தில் வந்துவிட்டது.

போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், வகுப்பு நடக்கிற நாளில் மதியச் சாப்பாட்டு நேரமாகப் பார்த்துப் போங்கள். அந்த மூன்றில் ஒரு ஸ்டார் மோருக்கு.