விரலை யாருக்கு நன்றாகத் தெரியும்? ரெசிஸ்டிவா, கெபாசிடிவா

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் 2.8 இன்ச் ரெசிஸ்டிவ் தொடுதிரை ஒன்றை வாங்கிவந்து, போனுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு ஞாயிறு முழுக்க நோண்டிக்கொண்டிருந்தேன்.

ரெசிஸ்டிவ் பழைய ஆள். மேலே வளையும் பிளாஸ்டிக், கீழே கண்ணாடி, இரண்டிலும் மின்சாரம் கடத்தும் மெல்லிய பூச்சு, நடுவில் பொடிப் பொடிப் புள்ளிகள் தாங்கும் சின்ன இடைவெளி. அழுத்தினால் இரண்டு பூச்சும் ஒட்டும், ஒட்டிய இடத்து வோல்டேஜை வைத்து எங்கே என்று கண்டுபிடிக்கும். நகமோ, கையுறையோ, பேனா மூடியோ, எது அழுத்தினாலும் சரி. கூடவே வந்த எக்ஸ்.பி.டி 2046 சிப் அழுத்தத்தையும் தோராயமாகச் சொல்லும், ஏனென்றால் பலமாக அழுத்த அழுத்த ஒட்டும் பரப்பு கூடி மின்தடை குறையும். ஆனால் ரெண்டு விரலை வைத்தால் நடுவில் எங்கேயோ ஒரே புள்ளி! விரலின் வடிவமெல்லாம் அதற்குச் சுத்தமாகத் தெரியாது.

போனில் இருப்பது கெபாசிடிவ். கண்ணாடிக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாக மின்முனைகள், விரல் கிட்டே வந்தால் அவை சந்திக்கும் இடங்களில் கெபாசிடன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் திறன்) குறையும். எங்கெங்கே எவ்வளவு குறைந்தது என்று சேர்த்துப் பார்த்தால் சின்ன மேடு மாதிரி ஒரு படம் கிடைக்கிறது, பட்டது விரல் நுனியா உள்ளங்கையா என்று அதை வைத்தே பிரித்துவிடும். நகத்தைக் கண்டுகொள்ளவில்லை, வெள்ளரிக்காய்த் துண்டுக்கு உடனே மசிந்தது. (அக்கா: "சாப்பிடுற பொருள்ல என்னடா விளையாட்டு?")

அப்புறம் ஆண்ட்ராய்டின் டெவலப்பர் ஆப்ஷனில், தொடுகையின் விவரத்தைத் திரையிலேயே காட்டும் 'பாயின்டர் லொகேஷன்' போட்டேன். மேலே அழுத்தம் என்று ஒரு எண் ஓடுகிறது. விரல் நுனியால் பலமாக அழுத்தினேன், பிறகு விரலைப் படுக்கவைத்து லேசாகத் தொட்டேன். என் போனில் லேசான தொடுகைக்குத்தான் எண் அதிகம்! பரப்பைப் பார்த்து அழுத்தம் என்று கதை விடுகிறது.

நிஜமாக அளந்தது 2015இல் ஐபோன் 6எஸ்ஸில் வந்த 3டி டச். அழுத்தினால் கண்ணாடி மயிரிழை வளையும், அதற்கும் உள்ளே இருக்கும் சென்சாருக்கும் உள்ள இடைவெளி மாறுவதை அளந்தார்கள். எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் எங்கே அழுத்தினால் என்ன வரும் என்று திரையில் ஒரு அடையாளமும் இல்லை. 2019இல் ஐபோன் 11இல் தூக்கிவிட்டார்கள், இப்போது விரலை அழுத்தாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாலே போதும்.

கே.ஆர். மார்க்கெட்டில் பூக்கடை வைத்திருக்கும் மாமா, தண்ணீர் தெளித்த கையோடு தொட்டுவிட்டு, போன் தானாக எதையோ திறக்கிறது என்று திட்டுவார். பில் மெஷின் வாங்கக் கேட்டால், ஈரத்தைக் கண்டுகொள்ளாமல் அழுத்தத்தை மட்டும் பார்க்கும் ரெசிஸ்டிவ்தான் சொல்வேன். போனுக்கு, பாவம், துண்டில் கையைத் துடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.